பச்சையிலிருந்து இளஞ்சிவப்புக்கு: பழைய காரில் கூலண்ட் வகையை மாற்றுவது பற்றி

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழ் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்ட டொயோட்டா கொரோல்லா ஆல்டிஸ் கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். பேனட்டைத் திறந்து பார்த்தபோது ரிசர்வ் டேங்கில் பச்சை நிறக் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இருந்தது. கையேட்டிலோ சூப்பர் லாங் லைஃப் கூலண்ட், அதாவது இளஞ்சிவப்பு நிறத்தில் வருவதை, ஊற்றவேண்டும் என்று இருக்கிறது. முந்தைய உரிமையாளர் எதை ஊற்றினார், எப்போது ஊற்றினார் என்பதற்கு ரசீது எதுவும் இல்லை. டேங்கின் உட்சுவரில், திரவம் நிற்கும் மட்டத்தில், துருநிறத்தில் ஒரு கோடு படிந்திருக்கிறது.

வீட்டுக்கு அருகிலுள்ள பட்டறை ஒன்றில் கேட்டேன். எல்லாக் கூலண்ட்டும் ஒன்றுதான், நிறம் மட்டுமே வேறு, குறைந்த அளவுக்கு மேலே ஊற்றிக்கொண்டால் போதும் என்று சொல்லி, காருக்கு எது ஏற்றது என்றுகூடப் பார்க்காமல் ஒரு பாட்டிலை எடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியாவிலுள்ள ஈப்போவுக்குச் செல்லவிருக்கிறோம். உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் ஏர்கானை ஓடவிட்டபடி மணிக்கணக்கில் ஊர்ந்து செல்லவேண்டியிருக்கும் என்பதால், இதை அரைகுறையாக விட எனக்கு மனமில்லை. பச்சையை முழுவதுமாக வெளியேற்றுவது அவசியமா? பழையது எவ்வளவு உள்ளே தங்கினால் பரவாயில்லை? இன்னும் ஐந்தாண்டுக்குள் கழித்துக் கட்டப்போகும் காருக்கு இவ்வளவு மெனக்கெடுவது தகுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காக்கிபுக்கிட் ஃபோர்மன் எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தகும். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த சான்றிதழை மறுபடியும் புதுப்பிக்க முடியாது. ஆகவே இப்போது ஒரு தடவை ஒழுங்காக மாற்றினால் அந்தக் கூலண்ட்டே காரின் மீதி ஆயுள் முழுவதற்கும் பெரும்பாலும் போதும். இளஞ்சிவப்பு வகைக்கு டொயோட்டா சொல்லும் கணக்கு, புதுக் காரில் முதல் மாற்றம் 160,000 கிலோமீட்டரில், அதன்பின் ஒவ்வொரு 80,000 கிலோமீட்டரிலும் என்பதாகும். பழைய பச்சை வகைக்கு இரண்டாண்டுதான் பொதுவான கணக்கு.

ஆனால் கூலண்ட்டை இறக்குவதற்கு முன்னால், அந்தத் துருநிறம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். காலையில், எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ரப்பர் வளையத்தில் பழுப்பு நிறச் சேறு ஒட்டியிருந்தால், வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் அல்லது வகைகளைக் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். பால் கலந்ததுபோல் கொழகொழவென்று எண்ணெய்ப் பசை தெரிந்தால் கதையே வேறு. அது எஞ்சின் எண்ணெயாகவோ, ரேடியேட்டருக்குள்ளே குளிர்விக்கப்படும் கியர் எண்ணெயாகவோ இருக்கலாம். அப்படி இருந்தால் ஃப்ளஷ் செய்து, அதாவது உள்ளே கழுவி, பயனில்லை, கசிவைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. அதோடு வாட்டர் பம்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். அதன் வாயில் உப்புப் பூத்ததுபோல் காய்ந்த தடம் இருந்தால் பம்பின் சீல் போகப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். பம்பை மாற்றும் எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள், இல்லையென்றால் புதிய கூலண்ட்டை மறுபடியும் கீழே இறக்க நேரிடும்.

சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே அழுத்தத்தில் நிற்கும் திரவம் நூறு டிகிரியைத் தாண்டியிருக்கலாம். மூடி திறந்த கணத்தில் அது கொதித்து முகத்தில் அடிக்கும்.

வேதியியல் ஆசிரியை எழுதியது:

நிறத்தைப் பற்றிய குழப்பத்தை முதலில் நீக்கிவிடலாம். கூலண்ட்டின் நிறம் உற்பத்தியாளர் சேர்க்கும் சாயமே தவிர வேறொன்றும் இல்லை. டொயோட்டாவின் இளஞ்சிவப்பும் ஹோண்டாவின் நீலமும் ஏறத்தாழ ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஹூண்டாய், கியா கார்களில் வரும் பச்சையும் பாஸ்பேட் சேர்ந்ததுதான். ஆகவே உங்கள் டேங்கில் இருக்கும் பச்சை, இரண்டாண்டு மட்டுமே தாங்கும் பழைய வகையாகவும் இருக்கலாம், ஆசியக் கார்களுக்கென்று விற்கப்படும் நீண்டகால வகையாகவும் இருக்கலாம். ரசீது இல்லாத நிலையில் எது என்று கண்ணால் சொல்ல யாராலும் இயலாது. அதனால்தான் முழுவதையும் வெளியேற்றிவிட்டுத் தெரிந்த ஒன்றை ஊற்றுவது நல்லது.

அடிப்படைத் திரவம் பெரும்பாலும் எல்லாவற்றிலும் எத்திலீன் கிளைகாலும் நீரும்தான். வேறுபாடு, துருவைத் தடுக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்களில் இருக்கிறது. பழைய வகையில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகள் இருக்கும். அவை அலுமினியத்தின்மீது விரைவாக ஒரு படலத்தைப் போர்த்திவிடும், ஆனால் விரைவாகத் தீர்ந்தும்போகும். 1990களின் நடுவில் பரவிய கரிம அமில வகையில் கார்பாக்சிலேட் உப்புகள் இருக்கின்றன. அவை உலோகம் முழுவதையும் போர்த்துவதில்லை. அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் நீண்டகாலம் தாங்குகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கலப்பு வகையில்தான் நாட்டுக்கு நாடு கொள்கை வேறுபடுகிறது. ஐரோப்பாவின் குழாய்நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். பாஸ்பேட் அதோடு சேர்ந்தால் கல்லாகப் படியும் என்பதால், அங்குள்ள உற்பத்தியாளர்கள் பாஸ்பேட்டை ஒதுக்கிச் சிலிக்கேட்டைத் தேர்ந்துகொண்டார்கள். ஜப்பானியர்களோ சிலிக்கேட் பம்பின் சீலைத் தேய்க்கிறது என்று அதை ஒதுக்கிப் பாஸ்பேட்டை வைத்துக்கொண்டார்கள். உங்கள் இளஞ்சிவப்பு வகை அந்த இரண்டாவது கொள்கையில் பிறந்தது.

இந்த வகைகளைக் கலந்தால் மறுநாளே எஞ்சின் பழுதாகிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். அது மிகை. பெரும்பாலான கலவைகள் உடனே எதையும் செய்வதில்லை. ஒன்றின் தடுப்புப்பொருள் மற்றதால் நீர்த்துப்போய், ஐந்தாண்டு தாங்கவேண்டியது இரண்டாண்டில் தீர்ந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் சில சேர்க்கைகள் உண்மையிலேயே கெட்டவை. வோக்ஸ்வேகனின் நீலப்பச்சை ஜி11 இருந்த காரில் முதல் தலைமுறைச் சிவப்பு ஜி12-ஐ ஊற்றினால் பழுப்புச் சேறாக மாறும் என்பது பட்டறைகளில் எல்லாரும் அறிந்தது. பின்னர் வந்த ஊதா நிற ஜி12 பிளஸ் அந்தக் குறையைப் போக்கவே உருவாக்கப்பட்டது. சிலிக்கேட் அளவுக்கு மிஞ்சினாலோ பழையதானாலோ கூழாகத் திரண்டு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துக்கொள்ளும்.

வடக்குப்பாலம் எழுதியது:

பெரியவர்கள் மன்னிக்கவும், எனக்கு ஒரு சந்தேகம். நான் டாக்சி ஓட்டிய காலத்தில் பழைய டீசல் வண்டிகளில் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றினோம். ஆண்டுக்கணக்கில் ஓடின. சிங்கப்பூரில் பனி பெய்வதில்லை, தண்ணீர் உறையப்போவதும் இல்லை. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரைவிடச் சிறந்தது இல்லை என்றும் சொல்கிறார்கள். அப்படியிருக்க இத்தனை வகைகளும் இத்தனை விலையும் நமக்கு எதற்கு?

வேதியியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னதில் பாதி முழு உண்மை. வெப்பத்தைச் சுமப்பதில் நீரே சிறந்தது. ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் தேவை. சரிபாதிக் கலவைக்கு ஏறத்தாழ 3.5 போதும். அதாவது கலவை குறைவான வெப்பத்தைத்தான் சுமக்கிறது. ஆனால் அந்தக் காலத்து எஞ்சின் கனமான வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். இரும்பு துருப்பிடித்தாலும் அதன் தடிமன் காப்பாற்றியது. இன்றைய எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம். பெரும்பாலான புதிய எஞ்சின்களில் முதன்மை உடலான பிளாக்கும் அப்படித்தான். ரேடியேட்டர் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. நம் குழாய்நீர் குடிப்பதற்கு மிகத் தூய்மையானது, ஆயினும் அதில் கிருமி நீக்கத்திற்குக் குளோரமினும், பல்நலத்திற்குப் ஃபுளோரைடும், இயல்பாகவே சில குளோரைடு உப்புகளும் இருக்கின்றன. குளோரைடு அலுமினியத்தில் ஊசிமுனைத் துளைகளை உண்டாக்கும். ஆகவே கலப்பதற்கும் கழுவுவதற்கும் காய்ச்சி வடித்த நீரோ, உப்பு நீக்கிய நீரோதான் சரி.

கொதிநிலையும் இருக்கிறது. சரிபாதிக் கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதிக்கும். 1.1 பார் அழுத்தம் தாங்கும் மூடியோடு அது ஏறத்தாழ 129 டிகிரிக்கு உயர்கிறது. வெறும் நீர் அதே மூடியோடு 121 டிகிரியைச் சுற்றியே நின்றுவிடும். நகராத நெரிசலில் சிலிண்டர் ஹெட்டின் சுவரை ஒட்டிக் குமிழி தோன்றாமல் காப்பது இந்த இடைவெளிதான்.

துவாஸ் பொறியாளர் எழுதியது:

ஆசிரியை சொன்னதோடு ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். சரிபாதி என்பது குளிர்நாட்டுக்காக வகுத்த அளவு. அந்தக் கலவை உறையாமல் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். நமக்கு அது தேவையே இல்லை. மூன்றில் ஒரு பங்கு கூலண்ட்டும் மீதி நீருமாகக் கலந்தால் வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும், கொதிநிலையும் சிறிதே குறையும். நீர் கலக்காத செறிவுக் கூலண்ட்டை வாங்கிக் கலப்பவர்கள் இதைப் பின்பற்றலாம் என்பது என் கருத்து.

காக்கிபுக்கிட் ஃபோர்மன் எழுதியது:

பொறியாளர் சொல்வதை நான் மறுக்கவில்லை, ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்பது கீழ் எல்லை. அதற்கும் கீழே போனால் துருத்தடுப்புப் போதாமல் போகும். எல்லையிலேயே கலந்துவிட்டு, பிறகு அவசரத்துக்குத் தண்ணீரை ஊற்றினால் எல்லைக்குக் கீழே இறங்கிவிடுவோம். அதனால் வாடிக்கையாளருக்கு நான் சரிபாதியைத்தான் ஊற்றுகிறேன்.

இப்போது வேலைக்கு வருவோம், ஏனென்றால் பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். ரேடியேட்டரின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்தால் மொத்தக் கூலண்ட்டும் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. எஞ்சின் பிளாக்குக்குள் ஏறத்தாழ பாதி நின்றுவிடும். உங்கள் காரில் ஆறு லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள்; கீழே இறங்குவது மூன்று லிட்டர். அந்த மூன்று லிட்டருக்குக் காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும்வரை ஓடவிட்டு, ஆறவைத்து, மறுபடி இறக்கினால், பழையது ஒவ்வொரு சுற்றிலும் பாதியாகக் குறையும். முதல் சுற்றில் 50 விழுக்காடு, அடுத்து 25, அதன்பின் 12.5, நான்காவதில் 6.25. பத்து விழுக்காட்டுக்குக் கீழே போனால் நான் திருப்தி அடைவேன். இதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்.

ஆனால் கவனியுங்கள், இப்போது பிளாக்குக்குள் நிற்கும் மூன்று லிட்டர் பெரும்பாலும் வெறும் நீர். அதன்மேல் கடையில் வாங்கிய, ஏற்கெனவே சரிபாதியாகக் கலந்துவரும் இளஞ்சிவப்புக் கூலண்ட்டை மூன்று லிட்டர் ஊற்றினால் காருக்குள் இருப்பது 25 விழுக்காட்டுக் கலவைதான். பார்வைக்கு இளஞ்சிவப்பாகவே இருக்கும். காரும் ஓடும். துருத்தடுப்பு மட்டும் பாதியாகிவிட்டிருக்கும். ஃப்ளஷ் செய்து புதுக் கூலண்ட் ஊற்றிய கார் இரண்டே ஆண்டில் துருநீரோடு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு. ஆசியக் கார்களுக்கான பாஸ்பேட் வகையில் செறிவுக் கூலண்ட் கிடைத்தால், கடைசிச் சுற்றில் அதை மூன்று லிட்டர் அப்படியே ஊற்றுங்கள். உள்ளே நிற்கும் நீரோடு சேர்ந்து சரிபாதி ஆகிவிடும். கலந்துவரும் வகைதான் கிடைக்கிறது என்றால், அதையே மூன்று சுற்று இறக்கி ஏற்றவேண்டும். 25, 37.5, பிறகு 43.75 விழுக்காடு என்று ஏறும், ஒன்பது லிட்டர் செலவாகும். மூன்றாவது வழி, எஞ்சின் பிளாக்கிலுள்ள வடிகால் போல்ட்டைத் திறப்பது. அதைத் திறந்தால் உள்ளே நிற்பது வெகுவாகக் குறைந்துவிடும். எனக்குப் பிடித்த வழி அதுவே, ஆனால் கார் லிஃப்டில் ஏறவேண்டும், போல்ட்டும் வெகுநாள் திறக்கப்படாமல் இறுகியிருக்கும்.

ரேடியேட்டரின் அடிக்குழாய் பிளாஸ்டிக்கால் ஆனது. பத்தாண்டுக் காரில் அது காய்ந்த குச்சிபோல் உடையும். இடுக்கியை வைத்துத் திருகாமல் கையாலேயே மெல்லத் தளர்த்துங்கள். அதன் ரப்பர் வளையத்தைப் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முனையில் ஒரு சிறு ரப்பர்க் குழாயைச் செருகி வெள்ளை வாளிக்குள் விடுங்கள். வெள்ளை வாளி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலில் வருவது பச்சையாகவே தோன்றும். அதை அரைமணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் பழுப்புத் தூள் படிவது தெரியும். இரண்டாம் சுற்றில் வருவது தேநீர் நிறத்தில் இருக்கும். நீர் தெளிந்து, அடியில் தூள் படியாமல் நிற்கும்வரை கழுவவேண்டும்.

அமிலம் கலந்த ஃப்ளஷ் மருந்துகளைப் பழைய காருக்கு நான் பயன்படுத்துவதில்லை. துருவோடு சேர்த்து, மெலிந்துபோன குழாயை அடைத்துக்கொண்டிருந்த படிவையும் அது கரைத்துவிடும். மறுநாள் ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கும்.

ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் நன்றாக ஆறியபிறகே நீரை ஊற்றுங்கள். சூடான அலுமினிய ஹெட்டின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது கோணிப்போகலாம். நம் ஊர் வெயிலில் ஆறுவதற்குப் பல மணிநேரம் பிடிக்கும், ஆகவே இது ஒரே நாளில் முடிகிற வேலை அன்று.

காத்திப்வாசகி எழுதியது:

பயனுள்ள விளக்கங்களுக்கு நன்றி. ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். கீழே இறங்கும் கூலண்ட்டை ஒரு சொட்டுகூட மழைநீர்க் கால்வாயில் விடாதீர்கள். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. நம் புளோக்கின் ஓரத்து வடிகாலில் ஓடுவது பல இடங்களில் நேராக நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டபின் நகரின் நடுவிலேயே ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அங்கு சேர்வதைத்தான் நாம் குடிக்கிறோம்.

எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவை கொண்டது. கீழ்த்தளத்தில் திரியும் பூனைகள் அதை நக்கிக் குடித்துவிடும். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்து உயிரைக் குடிக்கும். பூனைக்கு மிகச் சிறிய அளவே போதும். குழந்தைகள் இருக்கும் வீட்டில், பழைய கூலண்ட்டைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றிவைப்பது எத்தனை ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை. இறக்கியதை மூடியுள்ள கேனில் சேர்த்து, உரிமம்பெற்ற கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

ஈசூன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணன் சொன்ன மூன்றாவது வழியையே தேர்ந்தேன். லிஃப்ட் உள்ள பட்டறை ஒன்றில், பிளாக்கின் போல்ட்டையும் திறந்துவிட்டு வேலை செய்ய ஒப்புக்கொண்டார்கள். நானும் உடனிருந்து பார்த்தேன். மூடியின் அடியில் சேறு இருந்தது, எண்ணெய்ப் பசை இல்லை. முதல் வாளியில் பழுப்புத் தூள் ஒரு விரற்கடை அளவுக்குப் படிந்தது. மூடியையும் தெர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போட்டுக்கொண்டேன். இறுதியில் கூலண்ட்டின் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தபோது 46 விழுக்காடு காட்டியது.

இப்போது ஒரே ஒரு கவலை. வேலை முடிந்த மறுநாள் காலையில் ரிசர்வ் டேங்கின் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. இது இயல்பா?

செங்காங் ஹைபிரிட் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி கேட்கலாமா? என்னுடையது டொயோட்டா ஹைபிரிட். அதற்கும் இதே முறைதானா?

காக்கிபுக்கிட் ஃபோர்மன் எழுதியது:

ஹைபிரிட் நண்பருக்கு: கூலண்ட் அதே இளஞ்சிவப்புதான், ஆனால் உங்கள் காரில் இரண்டு தனித்தனிச் சுற்றுகள் உண்டு. ஒன்று எஞ்சினுக்கு, மற்றது மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித்தரும் இன்வெர்ட்டருக்கு. இரண்டாவதற்குத் தனி டேங்க் இருக்கும். பல பட்டறைகள் அதை மறந்துவிடும். அதன் பம்ப் மின்சாரத்தால் ஓடுவது. 2009க்குப் பின் வந்த பிரியஸில் எஞ்சினின் வாட்டர் பம்பே மின்சாரப் பம்ப்தான். காற்றை வெளியேற்ற அந்தப் பம்பை ஸ்கேனர்மூலம் ஓடவிடவேண்டியிருக்கும் என்பதால், ஸ்கேனர் உள்ள இடத்துக்கே செல்லுங்கள்.

தம்பிக்கு: ஒரு சென்டிமீட்டர் இறங்குவது இயல்பு. உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறும்போது அந்த இடத்தைக் கூலண்ட் பிடித்துக்கொள்கிறது. ஹீட்டர் உள்ள காராக இருந்தால், குறிப்பாக ஜப்பானிலிருந்து நேராக இறக்குமதியானதாக இருந்தால், ஹீட்டரை உச்சத்தில் வைத்துச் சிறிதுநேரம் ஓடவிடுங்கள். அந்தக் குழாயில் நிற்கும் காற்றும் வெளியேறும். எஞ்சின் ஆறியபிறகு அதே வகைக் கூலண்ட்டை மேல்கோட்டின் அளவுக்கு நிரப்பி, மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஒரு வாரம் காலைதோறும் பாருங்கள். கோட்டிலேயே நின்றால் ஈப்போவுக்குப் புறப்படலாம். தொடர்ந்து இறங்கினால் ரேடியேட்டரில் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். வெளியே எங்கும் ஈரமே இல்லாமல் அழுத்தம் மட்டும் குறைந்தால், ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்துப் புகைவாயு சோதிக்கவேண்டும். நீலம் மஞ்சளானால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அந்நிலையில் காரை எல்லை தாண்டி எடுத்துச் செல்லாதீர்கள்.